மலைப்பாதையில் அறுபடும் பேச்சு: வாகனக் கட்டுப்பாட்டு அலகுகளின் தொடர்புக் கோளாறுகளைக் கண்டறிதல்

வத்தலக்குண்டிலிருந்து ஏறும் மலைப்பாதையும் பழனியிலிருந்து சவரிக்காடு வழியாக ஏறும் மலைப்பாதையும் பெருமாள்மலையில் ஒன்றுசேர்ந்து கொடைக்கானலை அடைகின்றன. கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் வெயிலில் காய்ந்து நின்ற வாகனம் சில மணி நேரத்துக்குள் சுமார் 2,100 மீட்டர் உயரத்துக்குச் சென்றுவிடுகிறது. மழையையும் மூடுபனியையும் கொண்டை ஊசி வளைவுகளையும் அந்த ஒரே ஏற்றத்தில் அது தாங்கியாக வேண்டும். இப்பயணத்தில் எஞ்சினும் பிரேக்கும் படும் பாட்டை ஓட்டுநர் அனைவரும் அறிவர். அவற்றுக்கு இணையாகப் பாடுபட்டும் எவர் கவனத்துக்கும் வராதது, எஞ்சினையும் பிரேக்கையும் ஒன்றோடொன்று பேச வைக்கும் மின்கம்பி வலை. அவ்வலையில் உண்டாகும் கோளாறுகளை எவ்வாறு கண்டறிவது, மலையில் தலைகாட்டிய கோளாறு சமவெளிப் பட்டறையில் ஏன் அகப்படாமல் போகிறது என்பவையே இவ்வுரையின் பொருள்.

இன்றைய காரிலோ பேருந்திலோ எஞ்சினுக்கு ஒன்று, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக்குக்கு ஒன்று, ஸ்டீயரிங்குக்கு ஒன்று, விளக்கு, துடைப்பான், கதவுப் பூட்டு ஆகியவற்றுக்கு ஒன்று, ஓட்டுநர் முன்னுள்ள மீட்டர் போர்டுக்கு ஒன்று எனத் தனித்தனிச் சிறு கணினிகள் உள்ளன. இவற்றைக் கட்டுப்பாட்டு அலகுகள் என்பது நூல் வழக்கு. பட்டறை வழக்கில் இவை மாட்யூல்கள். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்-6 மாசு விதி நடைமுறைக்கு வந்தபின், புகையைக் கண்காணிக்கும் உணர்விகளும் யூரியாக் கரைசலைத் தெளிக்கும் அமைப்பும் சேர்ந்து, கனரக டீசல் வாகனங்களில் இவற்றின் எண்ணிக்கையை மேலும் கூட்டின. இவ்வலகுகளுள் எதுவும் தன் வேலையைத் தானே தனித்துச் செய்வதில்லை. ஏற்றத்தில் நின்ற கார் பின்னால் உருளாமல் பிரேக்கைச் சில நொடிகள் பிடித்து வைத்திருக்கும் வசதி, எஞ்சின் தரும் விசை எவ்வளவு என்று எஞ்சின் அலகு சொன்னால்தான் எப்போது விடுவது என்பதை அறியும். மின் ஸ்டீயரிங், வண்டியின் வேகத்தை ஏபிஎஸ் அலகிடமிருந்து பெற்றால்தான் எந்த வேகத்தில் எவ்வளவு உதவ வேண்டும் என்று முடிவு செய்யும். ஆகவே இவற்றுக்கிடையே செய்தி நின்றுபோனால், ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியே பழுதின்றி இருக்கும்போதே வண்டி முழுவதும் நோயுற்றதுபோல் நடந்துகொள்ளும்; மீட்டர் போர்டில் நான்கைந்து எச்சரிக்கை விளக்குகள் ஒரே நேரத்தில் எரியும்.

இச்செய்திகள் செல்லும் முறைக்குக் கேன் என்று பெயர். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983-இல் இதை உருவாக்கத் தொடங்கி, 1986-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் கூடிய வாகனப் பொறியாளர் மாநாட்டில் வெளியிட்டது. ஒவ்வோர் அலகுக்கும் மற்ற ஒவ்வொன்றுக்கும் இடையே தனித்தனிக் கம்பி இழுப்பதற்கு மாறாக, ஒன்றையொன்று முறுக்கிய இரண்டே கம்பிகளில் எல்லா அலகுகளையும் கோத்துவிடுவதே இதன் அடிப்படை. செய்தி இல்லாதபோது இரண்டு கம்பிகளும் ஏறத்தாழ 2.5 வோல்ட்டில் நிற்கும். இதை ஒடுங்கு நிலை எனலாம். செய்தி செல்லும்போது மேல்கம்பி 3.5 வோல்ட்டுக்கு ஏறும், கீழ்க்கம்பி 1.5 வோல்ட்டுக்கு இறங்கும். இது ஓங்கு நிலை. பெறும் அலகு இரண்டு கம்பிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மட்டுமே பார்க்கிறது. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் முறுக்கிய இரு கம்பிகளையும் ஒரே அளவில் தாக்குவதால் வேறுபாடு மாறுவதில்லை, செய்தியும் கெடுவதில்லை. கம்பியின் இரு முனைகளிலும் முனைக்கு ஒன்றாக 120 ஓம் மின்தடை வைக்கப்படுகிறது. முனையை அடைந்த மின் அலை எதிரொலித்துத் திரும்பி வந்து அடுத்த செய்தியைக் குழப்பாமல் இருக்க இம்முனைத்தடை தேவை.

இரண்டு அலகுகள் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இம்முறை தரும் விடை அழகானது. ஒவ்வொரு செய்தியும் ஓர் எண்ணுடன் தொடங்குகிறது. எண் சிறியதாயின் முன்னுரிமை பெரியது. மலைப்பாதையில் எதிரெதிரே வரும் இரு வண்டிகளுள் இறங்கும் வண்டி ஒதுங்கி நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட, இரண்டும் மோதாமலும் ஏறும் வண்டி நிற்காமலும் போக்குவரத்து நடப்பதைப் போல, பெரிய எண் கொண்ட அலகு தானே நிறுத்திக்கொள்ள, சிறிய எண் கொண்ட செய்தி ஒரு நொடித்துளியும் இழக்காமல் சென்று சேர்கிறது.

கோளாறு ஆய்வுக்கு இதைவிட இன்றியமையாதது பிழைக்கணக்கு. அனுப்பிய செய்தி கெட்டுப்போனதை அலகு தானே உணர்ந்து மறுபடி அனுப்புகிறது; அதனுடன் தனக்குள்ளே ஒரு கணக்கையும் வைத்திருக்கிறது. அனுப்புகையில் பிழை நேர்ந்தால் கணக்கில் 8 கூடும். சரியாகப் போனால் 1 குறையும். கணக்கு 128-ஐ எட்டினால் அவ்வலகு அடங்கிய நிலைக்குப் போகும். 255-ஐத் தாண்டினால் கம்பியிலிருந்தே தன்னைத் துண்டித்துக்கொள்ளும். பழுதான ஓர் அலகு ஓயாமல் கத்தி மற்றவற்றின் பேச்சைக் கெடுக்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு. இந்த எட்டுக்கு ஒன்று என்ற விகிதத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் ஓர் உண்மை வெளிப்படும்: ஒன்பது செய்திகளில் ஒன்றுக்கும் குறைவாகக் கெடும்வரை கணக்கு மேலேறாது. அதாவது, களிம்பேறிய ஓர் இணைப்பு இருபது செய்திகளில் ஒன்றைக் கெடுத்துக்கொண்டிருந்தாலும் விளக்கு எரியாது, அலகில் கோளாறுக் குறியீடு பதியாது, ஓட்டுநருக்கு எதுவும் தெரியாது. மறு அனுப்பல் அக்குறையை மூடிவிடும். அதே இணைப்பு மலையில் ஈரமேறி ஐந்தில் ஒன்றைக் கெடுக்கத் தொடங்கிய உடனே கணக்கு விரைந்து ஏறி அலகு துண்டித்துக்கொள்ளும். கோளாறு மலையில் பிறந்ததுபோல் தோன்றினாலும் அது பல மாதங்களாக உள்ளே இருந்து வந்ததே. மலை அதை எல்லை தாண்ட வைத்தது.

மலை அதை எவ்வாறு செய்கிறது என்பதை ஓர் இணைப்பை அருகிலிருந்து பார்த்து அறியலாம். பட்டறையில் கப்ளர் எனப்படும் பிளாஸ்டிக் இணைப்பியைக் கழற்றினால், உள்ளே வரிசையாக ஊசிகளும் அவற்றைப் பிடிக்கும் சிறு தகடுகளும், வாயைச் சுற்றி ஒரு ரப்பர் வளையமும் இருக்கும். ரப்பர் இறுகிப் போயிருந்தாலோ, யாரோ முன்பு திறந்து அதைச் சரியாகப் பொருத்தாமல் விட்டிருந்தாலோ, எஞ்சின் சூட்டில் விரிந்த உட்காற்று குளிர்மழை பட்டவுடன் சுருங்கி வெளியிலுள்ள ஈரத்தை உள்ளே இழுக்கும். இறக்கத்தில் வேறொன்றும் நிகழ்கிறது. கொடைக்கானலில் சுமார் 78 கிலோபாஸ்கலாக உள்ள காற்றழுத்தம் வத்தலக்குண்டில் சுமார் 97 ஆகிவிடுவதால், மேலே தங்கியிருந்தபோது இணைப்பிக்குள் நிலைபெற்ற குறைந்த அழுத்தக் காற்றை நோக்கி வெளிக்காற்று நெருக்கும். ரப்பரில் வெடிப்பு இருந்தால் அதோடு நீரும் நுழையும். இவ்வாறு பல முறை ஏறி இறங்கிய வண்டியின் ஊசிகளில் பச்சை நிறக் களிம்பு படிந்திருப்பதைக் கைவிளக்கின் ஒளியிலேயே காண முடியும். களிம்பு காய்ந்திருக்கும்போது தொடுகை ஓரளவு நிற்கும்; நனைந்தவுடன் மேல்கம்பி ஊசிக்கும் கீழ்க்கம்பி ஊசிக்கும் இடையே மின்கசிவு உண்டாகி, வோல்ட்டு வேறுபாடு சுருங்கிவிடும்.

ஈரம் மட்டும் காரணமன்று. வளைவுதோறும் வண்டியின் உடற்கூடு சிறிது முறுகுவதால், தகட்டு விளிம்பில் உராயும் கம்பியின் உறை தேய்கிறது. பைன், யூகலிப்டஸ் மரங்களின் கீழ் நிறுத்திய காரில் முன்கண்ணாடி அடியிலுள்ள நீர்வடிகால் சருகால் அடைபட்டு, மழைநீர் உட்புறம் கசிந்து, டேஷ்போர்டின் கீழுள்ள மாட்யூலை நனைக்கிறது. விடுதிகளில் சில நாள் நிற்கும் வண்டியின் பேனட்டுக்குள் சூட்டைத் தேடி வரும் எலி கம்பியைக் கடிக்கிறது. கூடுதல் பனிவிளக்கு, ஒலிப்பெட்டி, இடங்காட்டிக் கருவி ஆகியவற்றைப் பொருத்துவோர் கேன் கம்பியின் முறுக்கைப் பிரித்து அதில் ஒட்டுப்போடுவதும் உண்டு. அந்த ஒட்டு சமவெளியில் ஓராண்டு தாங்கலாம், மலையில் ஒரு மழைக்காலத்தைத் தாங்காது. கோடைப் பருவத்தில் நாளொன்றுக்கு 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025-இல் வரம்பு விதிக்க நேர்ந்ததே, சமவெளி நிலைக்குப் பழகிய எத்தனை வண்டிகள் இம்மலைக்கு வருகின்றன என்பதைக் காட்டும். நெரிசலில் அவ்வண்டிகள் வரிசையாக ஊரும்போது எஞ்சின் மெதுவாக ஓட, முகப்பு விளக்கும் துடைப்பானும் ஊதுவிசிறியும் ஒருங்கே இயங்க, முதிர்ந்த பேட்டரியின் வோல்ட்டு தாழ்ந்து, எந்தக் கம்பியிலும் பழுதில்லாமலேயே மாட்யூல்கள் ஒரு கணம் அணைந்து எழுவதும் நேர்கிறது.

இனி, கண்டறியும் முறை. அலகுகள் பதிந்துவைத்ததைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டியவுடன் கிடைக்கும் குறியீடுகளில் யு என்ற எழுத்தில் தொடங்குபவை தொடர்புக் கோளாறைச் சுட்டுவன. யு0100 என்பது எஞ்சின் அலகோடு தொடர்பு அற்றது என்பதையும், யு0121 என்பது ஏபிஎஸ் அலகோடு தொடர்பு அற்றது என்பதையும், யு0155 என்பது மீட்டர் போர்டோடு தொடர்பு அற்றது என்பதையும் குறிக்கும். இங்கே பெரும்பாலோர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எஞ்சின் அலகில் யு0121 பதிந்திருந்தால் அதற்குப் பொருள் ஏபிஎஸ் அலகு கெட்டுவிட்டது என்பதன்று. ஏபிஎஸ் அலகிடமிருந்து வரவேண்டிய செய்தி குறித்த நேரத்துக்குள் எஞ்சின் அலகை வந்தடையவில்லை என்பது மட்டுமே. செய்தி அனுப்பப்படாமல் இருந்திருக்கலாம், வழியில் கெட்டிருக்கலாம், பெறுபவரின் காதே அடைபட்டிருக்கலாம். குறியீடு என்பது ஒரு சாட்சியின் புகார். ஒரு சாட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்பெழுதுவது முறையன்று.

ஆகவே எல்லா அலகுகளிலும் உள்ள குறியீடுகளை எடுத்து, எது எதைக் குறை சொல்கிறது என்று தாளில் எழுத வேண்டும். எஞ்சின், ஸ்டீயரிங், மீட்டர் போர்டு ஆகிய மூன்றும் ஏபிஎஸ் அலகைக் காணவில்லை என்று சொல்ல, ஸ்கேனருக்கும் ஏபிஎஸ் அலகு பதிலளிக்கவில்லை என்றால், தேட வேண்டிய இடம் அவ்வலகின் ஃபியூஸ், எர்த், அதற்குப் பிரியும் கிளைக்கம்பி ஆகியவை. மாறாக மூன்றும் புகார் சொல்ல, ஏபிஎஸ் அலகு ஸ்கேனருக்கு இப்போது தெளிவாகப் பதிலளித்தால், கோளாறு வந்து போகும் இயல்புடையது. அது எந்நிலையில் வருகிறது என்பதைத் தேட வேண்டும். ஒருவரை மற்றவர் என எல்லாரும் எல்லாரையும் குறை சொன்னால் பொதுக்கம்பியிலோ மின்வழங்கலிலோ பழுது என்று கொள்ளலாம். எந்த அலகுமே ஸ்கேனருக்குப் பதிலளிக்காவிட்டால், ஸ்கேனர் மாட்டும் சாக்கெட்டிலேயே மின்சாரமும் எர்த்தும் உள்ளனவா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். எளிய இச்சோதனையைத் தவிர்த்ததால் வீணான வேலை நாட்கள் ஏராளம்.

வந்து போகும் கோளாறு எப்போது நிகழ்ந்தது என்பதை அறிய மலைநாட்டு மெக்கானிக்குக்கு ஒரு தனித்த வழி இருக்கிறது. அது போதிய அளவு பயன்படுத்தப்படுவதில்லை. குறியீடு பதியும் கணத்தில் எஞ்சின் வேகம், வண்டி வேகம், குளிர்நீர் வெப்பம் போன்றவற்றைப் பல வாகனங்கள் அப்படியே சேமித்துவைக்கின்றன. ஃப்ரீஸ் ஃப்ரேம் எனப்படும் இப்பதிவில் வெளிக்காற்றழுத்தமும் இடம்பெறுவதுண்டு. காற்றழுத்தம் ஒரு கிலோபாஸ்கல் குறைவதென்பது இம்மலையில் ஏறத்தாழ நூறு மீட்டர் ஏற்றத்துக்குச் சமம். பதிவில் 97 என்றிருந்தால் கோளாறு மலையடியில் நிகழ்ந்தது. 85 என்றிருந்தால் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில். 78 என்றிருந்தால் கொடைக்கானல் நகரிலேயே. 2,343 மீட்டர் உயரத்தில் நிற்கும், 1899-இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகத்தின் வாசலில் அது சுமார் 76 ஆகிவிடும். எரிபொருள் அளவைச் சரிசெய்வதற்காக வைக்கப்பட்ட உணர்வி, இவ்வாறு மலைப்பாதையில் கோளாறு தலைகாட்டிய இடத்தையே காட்டித்தருகிறது. அந்த உயரத்தில் சாலை எப்படிப்பட்டது, வளைவா, குழியா, மூடுபனி தேங்கும் பகுதியா என்பதை உள்ளூர் ஓட்டுநரிடம் கேட்டால், அசைவால் வந்த கோளாறா, ஈரத்தால் வந்ததா என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

அளவிடும் வேலையில் முதலில் வருவது பேட்டரி. அதன் வோல்ட்டையும் முனைகளின் இறுக்கத்தையும் பார்க்காமல் கேன் கம்பியைத் தொடக்கூடாது. அடுத்து, பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிச் சிறிது நேரம் விட்டு, ஸ்கேனர் மாட்டும் பதினாறு ஊசிச் சாக்கெட்டின் 6-ஆம் ஊசிக்கும் 14-ஆம் ஊசிக்கும் இடையே மல்டிமீட்டரில் மின்தடையை அளக்க வேண்டும். இரு முனைகளிலுமுள்ள 120 ஓம் தடைகள் இணையாக நிற்பதால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை அறுந்திருக்கிறது. சுமார் 40 வந்தால் தேவையற்ற மூன்றாவது முனைத்தடை எங்கோ சேர்ந்திருக்கிறது. சுழியத்தை நெருங்கினால் இரு கம்பிகளும் ஒன்றையொன்று தொடுகின்றன. அண்மைக்கால வாகனங்களில் சாக்கெட்டுக்கும் உள்வலைக்கும் இடையே நுழைவாயில் அலகு ஒன்று நிற்பதால், சாக்கெட்டில் 60 ஓம் வந்தது என்பதற்காக உள்வலை முழுவதும் நலம் என்று கொள்ள முடியாது. அத்தகைய வண்டியில் நுழைவாயிலுக்கு அப்பாலும் அளக்க வேண்டும். பின்னர் பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பி, ஒவ்வொரு கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே வோல்ட்டு பார்க்கையில், மேல்கம்பி 2.5-க்குச் சற்று மேலும் கீழ்க்கம்பி 2.5-க்குச் சற்றுக் கீழும் நிற்பதே நலமான நிலை. ஒன்று சுழியத்திலோ பேட்டரி வோல்ட்டிலோ நின்றால் அக்கம்பி எங்கோ உறை தேய்ந்து எர்த்தையோ மின்வழங்கல் கம்பியையோ தொடுகிறது. அந்த இடத்தைக் காண, வலையை நடுவிலுள்ள இணைப்பியில் இரண்டாகப் பிரித்து, பழுது எந்தப் பாதியில் நிற்கிறது என்று பார்த்து, அப்பாதியை மீண்டும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். கம்பி முழுவதையும் உரித்துப் பார்ப்பதைவிட இது பன்மடங்கு விரைவானது, வண்டிக்கும் கேடு குறைவு. மல்டிமீட்டர் காட்டுவது சராசரி மட்டுமே என்பதால், வந்து போகும் கோளாறுக்கு ஆஸிலாஸ்கோப் எனப்படும் அலைகாட்டியே உறுதியான சான்று தரும்.

பேருந்துகளில் நிலைமை சற்று வேறு. அவற்றில் ஜே1939 என்ற கனரக வாகன நெறி வழங்குகிறது. பெரும்பாலும் நொடிக்கு 2,50,000 துணுக்குகள் (பிட்டுகள்) என்ற வேகத்தில், நீண்ட எண்களோடு செய்திகள் செல்லும். மலை இறக்கத்தில் பேருந்தின் வேகத்தை அடக்க உதவும் எக்ஸாஸ்ட் பிரேக்கை, ஈரச்சாலையில் பின்சக்கரம் வழுக்குவதாக ஏபிஎஸ் அலகு சொன்னால் எஞ்சின் அலகு தளர்த்த வேண்டும். அச்செய்தி நின்றுபோவது இறக்கத்தில் நேரடியாக உயிரைத் தொடும் குறை. ஏற்றத்திலோ பிஎஸ்-6 வண்டிகளின் புகைக்குழாயில் பொருத்தப்பட்ட நைட்ரஜன் ஆக்சைடு உணர்வி கவனத்துக்குரியது. அது வெறும் உணர்வியன்று. தானே கேன் கம்பியில் பேசும் சிறு அலகு. கடும் சூட்டுக்கும் தெறிக்கும் நீருக்கும் நடுவே இருக்கும் அதன் கம்பிகளின் உறை உருகி அவை ஒன்றையொன்று தொட்டால், அக்கிளையிலுள்ள மற்றச் செய்திகளும் தடைபடலாம். உணர்வியின் செய்தி தொடர்ந்து வராவிட்டால் விதிப்படி எஞ்சினின் முறுக்குவிசை குறைக்கப்படும். பயணியர் நிறைந்த பேருந்து கொண்டை ஊசி வளைவில் இழுக்காமல் நிற்க, பம்ப்பையும் இன்ஜெக்டரையும் கழற்றிப் பார்க்கும் நிலை உருவாவது இவ்வாறே. முதலில் ஸ்கேன் போட்டுக் குறியீடுகளைப் படித்திருந்தால் கோளாறு புகைக்குழாய் அருகிலுள்ள ஒரு சாண் கம்பியில் என்பது தெரிந்திருக்கும்.

இரண்டு பழக்கங்கள் கடுமையாகக் கைவிடப்பட வேண்டியவை. ஒன்று, குறியீடுகளை எழுதிவைக்காமல் அழிப்பது; அழித்தவுடன் ஃப்ரீஸ் ஃப்ரேமும் மறைந்து, கோளாறு நிகழ்ந்த உயரமும் வெப்பமும் வேகமும் மீட்க முடியாமல் போகின்றன. மற்றொன்று, குறியீட்டில் பெயர் வந்த மாட்யூலை மாற்றுவது. பல்லாயிரம் ரூபாய் செலவழித்து மாற்றிய புதிய மாட்யூல், பழைய களிம்பேறிய கப்ளரிலேயே மாட்டப்பட்டு, அடுத்த மழையில் அதே குறியீட்டைத் தரும். இப்பழக்கங்களுக்கு மெக்கானிக்குகளை மட்டும் குறை கூறுவது நீதியன்று. எந்த ஊசி எந்த அலகுக்குப் போகிறது என்று காட்டும் ஒயரிங் வரைபடமும், நிறுவனத்தின் ஸ்கேனரும் தனிப் பட்டறைகளுக்கு எளிதில் கிடைப்பதில்லை. உதிரிபாகங்களையும் ஆய்வுக் கருவிகளையும் தனிப் பட்டறைகளுக்குத் தராமல் தடுத்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அவ்வழக்கு பின்னர் மேல்முறையீடுகளுக்குப் போயிற்று. 2022 டிசம்பரில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமைக்கென ஓர் இணையவாசலைத் தொடங்கி, வாகனத் துறையையும் அதில் சேர்த்தது. சமவெளியில் வண்டி நின்றால் நிறுவனப் பட்டறைக்கு இழுத்துச் செல்லலாம். பூம்பாறை, மன்னவனூர் போன்ற மலைக்கிராமங்களில் நின்ற வண்டிக்கு அருகில் இருப்பவர் ஒரு தனி மெக்கானிக்கே. அவர் கையில் வரைபடம் இருப்பது மலைவாழ் மக்களுக்கும் அங்கு வரும் பயணிகளுக்கும் பாதுகாப்பு சார்ந்த தேவை.

பழுது நீங்கியதா என்று உறுதிசெய்யும் கட்டத்திலும் மலையையே நாட வேண்டியிருக்கிறது. கப்ளரைத் துடைத்து, ஊசித் தகடுகளின் பிடிமானத்தைச் சரிசெய்து, ரப்பர் வளையத்தை மாற்றி, கம்பியை முறுக்குக் குலையாமல் ஒட்டியபின், பட்டறை வாசலில் எஞ்சினை ஓடவிட்டுக் குறியீடு வரவில்லை என்று வண்டியை ஒப்படைப்பது போதாது. பழைய பழுதும் அந்த வாசலில் தலைகாட்டவில்லை. இணைப்பிகள்மீது தண்ணீர் தெளித்தும் கம்பிக்கட்டைக் கையால் அசைத்தும் பார்ப்பது முதற்படி. அதன்பின் ஸ்கேனரைப் பதிவுநிலையில் வைத்து, ஃப்ரீஸ் ஃப்ரேம் காட்டிய உயரம்வரை வண்டியை ஏற்றி, அதே ஈரத்திலும் அதே வளைவுகளிலும் ஓட்டி, எல்லா அலகுகளும் இடையறாது பதிலளிக்கின்றனவா என்று பார்த்து, இறங்கி வந்து மறுநாள் குளிர்ந்த எஞ்சினோடு மீண்டும் ஒருமுறை குறியீடுகளைப் படித்த பின்பே வண்டியை உரியவரிடம் ஒப்படைக்கலாம்.